எலீட் டேஞ்சரஸ்: சுடுவதற்கு முன் தப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

எலீட் டேஞ்சரஸ் விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் முதல் சில சண்டைகளில் விண்கப்பலைப் பறிகொடுத்துவிட்டு, தங்களுக்குக் குறி பார்க்க வரவில்லை என்று நொந்துகொள்வதுண்டு. நான் பார்த்தவரையில் அது சரியான காரணம் அன்று. குறி சற்றுத் தவறினாலும் சண்டையில் பிழைத்துவிடலாம். மின்சக்தியை எங்கே அனுப்புவது, எந்த வேகத்தில் திரும்புவது, எந்த நொடியில் சண்டையை விட்டு விலகுவது என்பவை தெரியாமல் போனால்தான் பிழைப்பது கடினம். ஆகவே இங்கே சுடுவதைப் பற்றிக் குறைவாகவும் தப்புவதைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய எலீட்டின் வழித்தோன்றல் இது. 2014 டிசம்பரில் வெளிவந்தது. பழைய விளையாட்டின் கண்டிப்பு இதிலும் தொடர்கிறது. நடுவில் நிறுத்திவைக்க முடியாது. சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதியும் கிடையாது. கப்பல் வெடித்தால், அதை அதே பாகங்களோடு திரும்பப் பெற, மொத்த விலையில் 5 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். இதைத்தான் எல்லாரும் ரீபை என்கிறார்கள். வைப்பர் மார்க் 3 என்னும் சிறு சண்டைக் கப்பலின் விலை ஆட்டப் பணத்தில் ஏறத்தாழ 143,000 கிரெடிட் என்பதால் வெறுங்கப்பலுக்கு ரீபை 7,000 அளவில்தான் வரும். ஆனால் அதில் அடியைத் தாங்கும் நல்ல ஷீல்டும் எஞ்சினும் ஆயுதமும் பூட்டியபின் கணக்கு வேகமாக ஏறிவிடும். கையிருப்பு போதாவிட்டால் அந்தக் கப்பலையே இழந்து, தொடக்கத்தில் கிடைத்த இலவச சைட்வைண்டருக்குத் திரும்ப நேரலாம். எனவே புதுக் கப்பல் வாங்கும்போது கையில் இருக்கும் பணம் முழுவதையும் அதில் கொட்டிவிடாமல், குறைந்தது மூன்று ரீபைக்கான தொகையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சண்டையே தெரியாத கட்டத்தில் சைட்வைண்டர்தான் சிறந்த பள்ளிக்கூடம், ஏனென்றால் அது வெடித்தாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாது. முதன்மைப் பட்டியலில் இருக்கும் பயிற்சிப் பகுதியிலும் சண்டைப் பாடங்கள் உள்ளன. அங்கே எத்தனை முறை வெடித்தாலும் காசு போகாது. பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவைச் சுற்றிவந்து ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் வாங்கினால் இன்பமாகத்தான் இருக்கும், ஆனால் அது கட்டாயம் அன்று. விசைப்பலகையும் மவுசும் வைத்தே நன்றாகச் சண்டை போடலாம். விசைகளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம். விளையாட்டு கொடுக்கும் அமைப்பில் சக்தியைப் பங்கிடுவது அம்பு விசைகளிலும், கப்பலைச் சட்டென்று வேகமெடுக்க வைக்கும் பூஸ்ட் டேப் விசையிலும், வேகத்தைச் சுழியாக்குவது எக்ஸ் விசையிலும், ஆயுதங்களை வெளியே எடுப்பதும் உள்ளே இழுப்பதும் யூ விசையிலும் இருக்கும். அம்பு விசைகளைத் தொட வலக்கை மவுசை விட்டு வர வேண்டியிருப்பதால், அந்த நான்கையும் இடக்கை எட்டும் இடத்திற்கோ மவுசின் பக்கப் பொத்தான்களுக்கோ மாற்றிவிடுங்கள். சண்டை நடக்கும்போது நீங்கள் மிக அதிகமாக அழுத்தப்போகும் விசைகள் இவைதாம்.

சக்திப் பங்கீடு

திரையின் வலப்பக்கம் கீழே சிஸ், எங், வெப் என்று மூன்று பட்டைகள் தெரியும். முதலாவது ஷீல்டுக்கு, இரண்டாவது எஞ்சினுக்கு, மூன்றாவது ஆயுதத்துக்கு. மொத்தம் ஆறு பிப், அதாவது சக்திப் புள்ளிகள், கொடுக்கப்படும். ஒரு பட்டைக்கு அதிகபட்சம் நான்கு. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். புதியவர்கள் சண்டை முழுவதையும் அந்தச் சமப் பங்கீட்டிலேயே போட்டு முடிக்கிறார்கள். வெடித்துப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை.

சிஸ் பட்டையில் பிப் கூடக் கூட ஷீல்டு வேகமாக நிரம்புகிறது. அதைவிட முக்கியமாக, ஷீல்டின் தாங்குதிறனே உயர்கிறது. நான்கு பிப்பும் அங்கே இருக்கும்போது விழும் அடியில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதாவது ஒரே ஷீல்டு, ஒரே எதிரி, ஒரே லேசர் என்றாலும், பிப் எங்கே இருக்கிறது என்பதை வைத்து நீங்கள் தாக்குப்பிடிக்கும் நேரம் இரு மடங்காகலாம். எங் பட்டையில் பிப் வைத்தால் வேகமும் திரும்பும் திறனும் கூடும், பூஸ்ட் அடிக்கத் தேவையான சக்தியும் சீக்கிரம் சேரும். வெப் பட்டை வற்றினால் லேசர் சுடாது.

இதிலிருந்து கிடைக்கும் பழக்கம் எளியது. எதிரியின் மூக்கு உங்களை நோக்கி இருக்கும்போது சிஸ், நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது வெப், அவனைச் சுற்றிக்கொண்டோ துரத்திக்கொண்டோ இருக்கும்போது எங். நேருக்கு நேர் பாய்ந்து வருகிற எதிரியைக் கண்டதும் புதியவரின் விரல் தானாகச் சுடும் பொத்தானுக்குப் போகும். அந்தச் சில நொடிகளில் சுடுவதை விடாமலே ‘கீழ், இடது, இடது’ என்று அம்பு விசையைத் தட்டினால் சிஸ் நான்கு, மற்றவை ஒவ்வொன்று என்று ஆகிவிடும். அவன் உங்களைக் கடந்துபோன மறுகணம் ‘கீழ், மேல், மேல்’. திரும்பி அவன் வாலைப் பிடித்ததும் ‘கீழ், வலது, வலது’. ஒரு சண்டையில் இதை இருபது முப்பது தடவை செய்ய வேண்டிவரும். முதலில் சலிப்பாக இருக்கும். பழகியபின் விரல்கள் நம்மைக் கேட்பதே இல்லை.

ஷீல்டு முற்றிலும் விழுந்துவிட்ட பிறகு இந்தக் கணக்கு மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிஸ் பட்டை கப்பலின் வெறும் உடம்பைக் காக்காது. ஷீல்டு மறுபடி எழுவதற்கு மட்டுமே அது உதவும், விழுந்த ஷீல்டு பாதி அளவுக்கு நிரம்பிய பிறகுதான் எழும். எதிரி அடித்துக்கொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் கிடைக்காது. ஆகவே ஷீல்டு போன நொடியில் பிப் எங் பட்டைக்குப் போக வேண்டும், நீங்கள் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும்.

திரும்புவது

வேகமானியின் நடுப்பகுதியில் நீல நிறத்தில் ஒரு பகுதி இருக்கும். திருப்பிய திசையிலேயே கப்பல் போகும்படி தானாகச் சீராக்கும் ஃப்ளைட் அசிஸ்ட் இயங்கும்போது, அந்த வேகத்தில்தான் கப்பல் மிகக் கூர்மையாகத் திரும்பும். கெந்திங் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்காதவர் வளைவைத் தாண்டித்தான் போவார். எதிரியைத் துரத்தும் ஆவேசத்தில் த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டு, ‘அவன் எப்போதும் என் பின்னாலேயே வந்துவிடுகிறானே’ என்று வியப்பவர்கள், திரும்பும்போது மட்டும் வேகத்தை நீலத்துக்குள் கொண்டுவந்து பார்க்கட்டும்.

இன்னொன்று, இங்குள்ள கப்பல்கள் மூக்கை மேலும் கீழும் தூக்குவதில் வேகமானவை, இடம் வலமாகத் திருப்புவதில் மந்தமானவை. எதிரி வலப்பக்கம் ஓடினால் வலப்பக்கம் திருப்ப முயலாமல், கப்பலை உருட்டி அவனைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, பிறகு மூக்கைத் தூக்குங்கள். உருட்டு, தூக்கு என்ற இந்த இரண்டு அசைவும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் பறப்பது போலவே இருக்கும். பக்கவாட்டு உந்துகருவிகளையும் மறக்காதீர்கள். மூக்கைத் தூக்கும்போது அதே திசையில் மேல்நோக்கி உந்தினால் வட்டம் இன்னும் சிறிதாகும்.

அனகோண்டா போன்ற பெருங்கப்பலைச் சிறுகப்பலில் எதிர்கொண்டால் தூரமாக நின்று சுடுவது உதவாது. அதன் பின்புறம், எஞ்சினின் ஒளி தெரியும் தூரத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பான இடம். அது திரும்பும் வேகத்தை விட நீங்கள் சுற்றும் வேகம் அதிகம். தானாகச் சுழன்று சுடும் டரட் ஆயுதம் பூட்டிய கப்பலிடம் மட்டும் இந்த வித்தை முழுதாகப் பலிக்காது.

ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துப் பறப்பதே உண்மையான வீரம் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அதை நாடாதீர்கள். ஒரே ஓர் அசைவை மட்டும் பழகிக்கொள்ளலாம்: பூஸ்ட் அடித்து, உடனே இசட் (Z) விசையால் அசிஸ்டை அணைத்து, கப்பல் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டிருக்க மூக்கை மட்டும் பின்னால் திருப்பித் துரத்துகிறவனைச் சுடுவது.

தப்புவது

விண்வெளியில் ஓடுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இருக்கும் விண்மீன் மண்டலத்துக்குள்ளேயே சூப்பர்குரூஸ் என்னும் அதிவேகப் பயணத்துக்குத் திரும்புவது. மற்றொன்று, வேறு மண்டலத்துக்கே தாவிவிடுவது. உங்களைவிடக் கனமான கப்பல் அருகில் இருந்தால் அதன் நிறை உங்கள் தாவல் எஞ்சின் சூடேறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் முதல் வழி ஆபத்தானது. வேறு மண்டலத்துக்குத் தாவுவதை எதிரிக் கப்பலின் நிறை தடுக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் பக்கத்து மண்டலம் ஒன்றை இலக்காகக் குறித்துவைத்து, அங்கே தாவ எரிபொருள் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள். அடி விழும்போது விண்மீன் வரைபடத்தைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

தாவலுக்கான சூடேற்றம் பதினைந்து நொடி அளவில் ஆகும், அதன்பின் எண்ணிக்கை ஓடும். அந்த நேரத்தில் உயிரோடு இருப்பதுதான் முழுப் பிரச்சினையும். லேசர்களின் எல்லை 3 கிலோமீட்டர்; தூரம் கூடக் கூட அவற்றின் அடி குறைந்துகொண்டே வரும். கோப்ரா மார்க் 3 பூஸ்ட்டில் நொடிக்கு 400 மீட்டர் போகும், அனகோண்டா 240. வேக வேறுபாடு நொடிக்கு 160 மீட்டர் என்றால், இரண்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்கூட எல்லையைத் தாண்ட இருபது நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சூடேற்றமும் எண்ணிக்கையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஷீல்டின் மிச்சத்தைக் காட்டும் வளையங்களில் இன்னும் ஒன்று மீதியிருக்கும்போதே ஏன் கிளம்ப வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஷீல்டு விழுந்தபின் கிளம்பினால் அந்த இருபது நொடியும் வெற்றுடம்பு.

செந்தூலில் என் அக்காள் மகன் ஒருவன் முதல் முறையாக விண்கொள்ளையர் இருவரிடம் சிக்கியபோது நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நேரத்தோடு ஓட முடிவெடுத்தான், இலக்கும் குறித்திருந்தான், எங் பட்டையில் நான்கு பிப்பும் வைத்திருந்தான். தாவும் விசையை மட்டும் குத்திக்கொண்டே இருந்தான்.

“மாமா, ஜம்ப் ஆவ மாட்டேங்குது! எத்தன தடவ அமுக்குறது?”

“ஆயுதத்த உள்ள இழுத்தியாடா?”

அவன் பதில் சொல்லவில்லை, யூ விசையைத் தட்டினான். அதற்குள் கடைசி வளையம் மறைந்துவிட்டது. சூடேற்றம் அப்போதுதான் தொடங்கியது. கப்பலின் உடல் 23 விழுக்காட்டில் இருக்கும்போது தாவினான். ஆயுதமோ சக்கரமோ சரக்கு அள்ளும் வாயோ வெளியே இருக்கும்வரை எஞ்சின் சூடேறாது. திரையில் அறிவிப்பு வரும், ஆனால் அடி விழும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. ஆகையால் ஓட முடிவெடுத்தால் முதலில் யூ, பிறகு எங், பிறகு தாவல் விசை, பிறகு பூஸ்ட் என்று ஒரே மூச்சில் வரும்படி பயிற்சிப் பகுதியில் பழகிக்கொள்ளுங்கள். சுடும் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சூப்பர்குரூஸில் போகும்போது உங்களை வழிமறித்து இழுப்பவர்களுக்கும் இதே முறைதான், ஒரு சிறிய மாற்றத்தோடு. வழிமறிப்பு தொடங்கியதும் திரையில் தப்பும் திசை ஒன்று காட்டப்படும். அதைத் துரத்திப் பிடித்தால் தப்பலாம். ஆனால் போராடித் தோற்றால் கப்பலுக்குச் சேதம் ஏற்படும், கப்பல் சுழன்று விழும், எஞ்சின் ஆறவும் நெடுநேரம் பிடிக்கும். வெல்லும் நம்பிக்கை இல்லையென்றால் தொடக்கத்திலேயே எக்ஸ் விசையைத் தட்டி வேகத்தைச் சுழியாக்கிப் பணிந்துவிடுங்கள். சேதமின்றி வெளியே வருவீர்கள், எஞ்சினும் விரைவில் தயாராகும். வெளியே வந்ததும் எதிரி உங்களுக்குப் பின்னால் இருப்பான். அவனிடமிருந்து விலகி ஓடினால் அவனுக்கு நேரான குறியாகிவிடுவீர்கள். திரும்பி, சிஸ் பட்டையில் நான்கு பிப்பை வைத்து அவனை உரசியபடி கடந்து, பிறகு எங் பட்டைக்கு மாறி ஓடினால், அவன் திரும்பி முடிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கடக்கும் நேரத்தில் சாஃப் என்னும் குறிகுழப்பும் துகள்களை வீசினால், இலக்கை நோக்கித் தாமாகச் சற்றுத் திரும்பிச் சுடும் ஜிம்பல் ஆயுதங்கள் குறியை இழந்து தடுமாறும். அசையாமல் பூட்டிய ஆயுதங்களை அது ஒன்றும் செய்யாது.

எங்கே சண்டை போடுவது

கனிமம் எடுக்கும் களங்கள்தான் தொடக்கத்துக்கு நல்லவை. கோள் வளையங்களில் இவை குறைவு, சாதாரணம், அதிகம், அபாயம் என்று நான்கு தரமாக இருக்கும். முதல் மூன்றிலும் காவல் கப்பல்கள் சுற்றிவரும். சரக்கு அறை காலியாக இருக்கட்டும். கொள்ளையர் உங்களை ஸ்கேன் செய்துவிட்டு, எடுக்க ஒன்றும் இல்லையென்று பெரும்பாலும் விலகிவிடுவார்கள். பிறகு காவல் கப்பல்கள் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கும் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவனை ஸ்கேன் செய்து, இடப்பக்கத் திரையில் தேடப்படுபவன் என்ற குறிப்பு வந்தபின் மட்டுமே சுடத் தொடங்குங்கள். ஸ்கேன் முடியுமுன் சுட்டால் குற்றவாளி நீங்கள்தான், அதே காவல் கப்பல்கள் உங்கள் பக்கம் திரும்பும். கடைசி அடி காவல் கப்பலுடையதாக இருந்தாலும் நீங்களும் அடித்திருந்தால் பரிசுத்தொகை உங்களுக்கு வரும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

நடுவில் இருக்கும் ரேடாரை ஓயாமல் பாருங்கள். சதுரமாகத் தெரியும் கப்பல் ஆயுதத்தை உள்ளே வைத்திருக்கிறது, முக்கோணமாகத் தெரிவது வெளியே எடுத்துவிட்டது. உங்கள் பின்பக்கம் இரண்டாவது சிவப்பு முக்கோணம் தோன்றினால், முன்னால் இருப்பவனின் உயிர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகுங்கள். ‘இன்னும் பத்து விழுக்காடுதான்’ என்ற எண்ணம் இங்கே நிறையக் கப்பல்களைக் கவிழ்த்திருக்கிறது.

ஆயுதம் குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேசர் ஷீல்டை உரிக்கும், மல்டி கேனன் உடம்பைத் துளைக்கும். ஒவ்வொன்று வையுங்கள், இரண்டும் ஜிம்பலாக இருக்கட்டும். லேசரில் பல்ஸ் வகை குறைந்த சக்தியும் குறைந்த சூடும் கேட்கும். பீம் வகையின் அழகில் மயங்கிச் சின்னக் கப்பலில் அதைப் பூட்டினால் வெப் பட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் வற்றும். வெப்பம் 100 விழுக்காட்டைத் தாண்டினால் உங்கள் பாகங்களே கருகத் தொடங்கும்.

மலிவென்று பலர் ஒதுக்கும் பாகம் ஒன்றுண்டு: உயிர்காப்புக் கருவி. விமானியின் முன்னிருக்கும் கண்ணாடி உடைந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும், கண்ணாடியில் தெரியும் குறிகளும் மறையும். அதன்பின் உங்களிடம் இருப்பது அந்தக் கருவியின் ஆக்சிஜன் மட்டுமே. இ தரம் 5 நிமிடம் கொடுக்கும், டி தரம் 7 நிமிடம் 30 நொடி, ஏ தரம் 25 நிமிடம். நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். சிறிய கப்பலுக்கு டி போதும், ஏனென்றால் எடை குறைந்த தரமும் அதுவே. ஷீல்டிலும் எஞ்சினிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கோலாலம்பூரில் இருந்து ஆடுகிறவர்கள் இன்னும் ஓரிரு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். பொதுக்களத்தில் ஆட்டக்காரர்களின் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்வதால், தொலைதூர ஆட்டக்காரரின் கப்பல் திரையில் குதித்துக் குதித்துப் போவதைக் காணலாம். அவரைக் குறிபார்ப்பது வீண் வேலை. ஐரோப்பியர்களின் மாலை நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம், டெசியாட் போன்ற பெயர்பெற்ற மண்டலங்களில் வேட்டையாடும் ஆட்டக்காரர்கள் அப்போதுதான் குவிவார்கள். கப்பல் பாகங்களை மேம்படுத்தித் தரும் பொறியாளர் ஃபெலிசிட்டி ஃபார்சியரின் பட்டறை அங்கே இருப்பதால் புதியவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பயணத்துக்கு மட்டுமாவது தனியாட்ட முறையைத் தேர்ந்தெடுங்கள். அண்டம் அதேதான், சம்பாதித்த எதுவும் குறையாது. மாலை இடிமழையில் மின்சாரம் தடுமாறும் வீடாக இருந்தால் யூபிஎஸ்ஸில் கணினியோடு மோடமையும் செருகிவையுங்கள், மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறது, மோடமுக்கு இல்லை. இடி நெருங்கும்போது ஆட்டத்தை விட்டு வெளியேற நினைத்தால், ஆபத்தில் இருக்கும் கப்பலுக்கு 15 நொடிக் காத்திருப்பு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேடப்படுபவர்களை வீழ்த்திக் கிடைக்கும் பரிசுச் சீட்டுகள் நிலையத்தில் கொடுத்து மாற்றும்வரை பணமல்ல. கப்பல் வெடித்தால் அவையும் போய்விடும். ஆகவே கையில் சேர்ந்திருக்கும் சீட்டுகளின் தொகை உங்கள் ரீபையைப் போல் ஐந்து மடங்கானதும் திரும்பிவிடுங்கள். சைட்வைண்டரில் சாதாரணக் களத்தில் இப்படி வெடிக்காமல் போய்வர முடிந்த பிறகு வைப்பர் மார்க் 3 வாங்கலாம். இரண்டு நடுத்தர ஆயுதமும் இரண்டு சிறிய ஆயுதமும் அதில் பூட்ட முடியும், ஓடவும் வேகம் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு பெரிய ஆயுதங்கள் தாங்கும் வல்ச்சர் வரை பொறுமையாகப் போகலாம். அபாயத் தரக் களத்துக்குள் காவல் கப்பல்கள் வருவதில்லை. வல்ச்சரில் போனாலும், முதல் சில முறை எவரையும் சுடாமல் உள்ளே நுழைந்து, பின்னால் ஒரு முக்கோணம் வந்தவுடன் தாவி வெளியேறி மட்டும் பாருங்கள்.